காருக்குள் ஒரு சீழ்க்கை: ஆல்டர்னேட்டர் இரைச்சலைத் துரத்திய குறிப்புகள்

வெளியே வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவும், டிக்கியில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் உள்ள கார்களில் ஒரு குறிப்பிட்ட சத்தம் வரும். ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஸ்பீக்கரில் "ஊய்ங்" என்று மெல்லிய சீழ்க்கை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. சிக்னலில் வண்டி நிற்கும்போது, அதுவும் இரவு நேரத்தில், காதுக்குள் கொசு புகுந்த மாதிரி இருக்கும்.

இதற்குக் கடைகளில் பொதுவாக மூன்று பதில்கள் கிடைக்கும். ஃபில்டர் போடுங்க. ஆர்சிஏ வயரை மாத்துங்க. டைனமோ போச்சு, புதுசு போடணும். மூன்றுமே சில சமயம் சரியாகவும் இருக்கும் என்பதுதான் சிக்கல். எது சரி என்று அளந்து பார்க்காமல் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டால், சத்தம் போவதற்குள் பணம் போய்விடும்.

என் மைத்துனனின் வண்டியில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஏழு வருடப் பழைய டீசல் ஹேட்ச்பேக். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, நான்கு சேனல் ஆம்ப், ஒரு சப்வூஃபர். பொருத்திய கடையில் ஏற்கனவே ஒரு ஃபில்டர் விற்றிருந்தார்கள், சத்தம் குறையவில்லை. அடுத்ததாக ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்லிவிட்டார்கள். "மாமா, அது ஒரு மாசச் சம்பளத்துல பாதி. போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துருங்க" என்று போன் வந்தது. நான் படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். ஆடியோ என் தொழில் அல்ல. ஆனால் ஒரு பிழை எந்த வரியில் இருக்கிறது என்று தேடும் வேலை இருபது வருடமாகச் செய்வதுதான். இங்கேயும் அதே வேலைதான், வரிக்குப் பதிலாக வயர்.

முதலில் அந்தச் சத்தம் ஏன் சீழ்க்கை மாதிரி இருக்கிறது என்பதைப் பார்ப்போம். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது ஏசி. குளிர்சாதனம் அல்ல, மாறுதிசை மின்சாரம். மூன்று ஃபேஸ். அதை ஆறு டயோடுகள் சேர்ந்து ஒரே திசைக்குத் திருப்பிவிடுகின்றன. திருப்பிய பிறகு வருவது பேட்டரியில் இருப்பது போன்ற தட்டையான கோடு அல்ல. உச்சியில் சின்னச் சின்ன அலைகள் இருக்கும். ஒரு முழுச் சுழற்சிக்கு ஆறு அலை. பரவலாக உள்ள 12 துருவ ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு ஆறு சுழற்சிகள், ஆக ஒரு சுற்றுக்கு 36 அலைகள். பெல்ட்டும் புல்லியும் ஆல்டர்னேட்டரை இன்ஜினைவிட ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு வேகத்தில் சுற்றும். 2.5 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று, அதாவது விநாடிக்கு 33.3. அதை 36-ஆல் பெருக்கினால் 1,200 ஹெர்ட்ஸ். இன்ஜினை 2,000-க்கு ஏற்றினால் 3,000 ஹெர்ட்ஸ்.

மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சுமாராக 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். வண்டியின் டயர் சத்தம், இன்ஜின் உறுமல் எல்லாம் பெரும்பாலும் அதற்குக் கீழே. ஆக, இந்தச் சீழ்க்கை காது விழித்திருக்கும் இடத்தில், அதை மூடி மறைக்க வேறு சத்தம் அதிகம் இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு சின்ன வரலாற்றுத் துணுக்கு. கார் ரேடியோவுக்கும் மின் இரைச்சலுக்கும் பகை ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1930-இல் பால் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ விற்கத் தொடங்கிய காலத்தில் பெரிய எதிரி ஸ்பார்க் பிளக். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ ஒலிபரப்பு நிலையம்தான். இன்றைய பிளக்குகள் பலவற்றில் சுமார் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் உள்ளேயே இருப்பது அந்தத் தொல்லையை அடக்கத்தான். ஆல்டர்னேட்டர் சீழ்க்கை அதைவிட இளையது. கார்களில் முன்பு இருந்தது நேர்த்திசை மின்சாரம் தரும் டைனமோ. 1960-இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் மாறினார்கள். நம்மூர் மெக்கானிக்குகள் ஆல்டர்னேட்டரை இன்னமும் டைனமோ என்றே சொல்வது அந்தப் பழைய காலத்தின் மிச்சம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த அலை எல்லாக் கார்களிலும் இருக்கிறது. கம்பெனி ஸ்டீரியோவில் கேட்காதது வெளியில் போட்ட செட்டில் மட்டும் ஏன் கேட்கிறது? பதில், எர்த்.

காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனையை பாடியோடு இணைத்திருப்பார்கள். பிறகு எல்லாக் கருவிகளும் தங்கள் நெகட்டிவை அருகிலுள்ள தகரத்தில் மாட்டிவிடும். எல்லாருமே "எர்த் என்றால் பூஜ்யம் வோல்ட்" என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது நன்றாகப் புரியும்: எர்த் என்பது ஒரு குளோபல் வேரியபிள். எல்லாரும் அதன் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், அதே சமயம் எல்லாரும் அதில் எழுதவும் செய்கிறார்கள். மற்றவர்களுக்குத் தெருச் சாக்கடையைச் சொல்லலாம். ஒரே குழாயில் நாலு வீட்டுத் தண்ணீர் போகிறது. குழாய் அகலமாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஓரிடத்தில் அடைப்பு இருந்தால், மேல் வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது கீழ் வீட்டுக் குளியலறையில் மட்டம் ஏறும்.

டிக்கியில் உள்ள ஆம்ப் பத்து, இருபது ஆம்பியர் இழுக்கும். அதன் எர்த் போல்ட்டில் பெயின்ட் இருந்தால் அங்கே ஒரு சின்ன மின்தடை. மின்னோட்டம் தடையைக் கடக்கும்போது வோல்ட்டேஜ் பிறக்கும். ஆக ஆம்ப்பின் "பூஜ்யம்" டேஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோவின் "பூஜ்யத்தை"விடக் கொஞ்சம் மேலே. இந்த இரண்டு பூஜ்யங்களையும் இணைப்பது எது? ஆர்சிஏ கேபிளின் வெளி வலை. பாட்டைக் கொண்டுபோக வேண்டிய கேபிள் வழியாக எர்த் மின்னோட்டத்தின் ஒரு பங்கும் ஓட ஆரம்பிக்கும். ஆல்டர்னேட்டரின் அலை அதன் மேல் சவாரி செய்யும். ஆம்ப்புக்கு எது பாட்டு, எது அலை என்று தெரியாது. வந்ததைப் பெருக்கி அனுப்பும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறோம்.

எவ்வளவு குறைந்த வோல்ட்டேஜ் போதும் தெரியுமா? உள்ளே நுழைவது 2 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப் 20 மடங்கு பெருக்கினால் 40 மில்லிவோல்ட். 4 ஓம் ஸ்பீக்கரில் இது 0.4 மில்லிவாட். ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிகிறது. ஆனால் ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கர், இந்த 0.4 மில்லிவாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 56 டெசிபல் தரும். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. வெறும் 2 மில்லிவோல்ட்!

இனி தேடும் முறை. மென்பொருளில் ஆயிரம் மாற்றங்களில் எது கெடுத்தது என்று தேடும்போது ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டோம். நடுவில் வெட்டுவோம். தவறு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பிறகு அந்தப் பாதியை மறுபடி வெட்டுவோம். சிஸ்டத்தின் நடுப்புள்ளி ஆம்ப்பின் ஆர்சிஏ சாக்கெட். அங்கேதான் வெட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் காசில்லாத சோதனைகள் சில. இன்ஜின் ஓடாமல், சாவி மட்டும் போட்டால் சத்தம் உண்டா? மைத்துனன் வண்டியில் இல்லை. ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டால்? கூடியது. லோடு ஏறினால் ஆல்டர்னேட்டர் அலையும் ஏறும், ஆகவே அலையின் ஊற்று அதுதான் என்பது உறுதி. வால்யூமைக் கூட்டினால் சத்தம் கூடுகிறதா? இல்லை, அப்படியே இருந்தது. இந்தச் சோதனையைப் பலர் தவறவிடுகிறார்கள். வால்யூமோடு சேர்ந்து சத்தமும் ஏறினால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னாலேயே, அதாவது போன், ஆக்ஸ் கேபிள் மாதிரி ஏதோ ஒன்றில் நுழைகிறது. மாறாமல் இருந்தால் அதற்குப் பின்னால்.

அடுத்து, குற்றம் சாட்டப்பட்ட ஆல்டர்னேட்டர். ஊற்று அது என்பதாலேயே அது பழுது என்று ஆகிவிடாது. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஹெட்லைட் எரியும்போது அளந்தோம்: 35. நல்ல ஆல்டர்னேட்டர் பொதுவாக 100-க்குள் இருக்கும். டயோடு ஒன்று போயிருந்தால் பல மடங்கு காட்டியிருக்கும். ஆல்டர்னேட்டர் விடுதலை. இங்கே ஓர் எச்சரிக்கை: மலிவான மஞ்சள் மீட்டர்களில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் ஆரம்பிக்கும், அதில் இதை அளக்க முடியாது. சில மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் பேட்டரியின் நேர்த்திசை வோல்ட்டேஜையும் சேர்த்துக் காட்டிப் பயமுறுத்தும். புரோப்களை மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு விதத்திலும் ஒரே எண் வந்தால் நம்பலாம்.

இப்போது வெட்டு. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்ப்பிலிருந்து ஆர்சிஏவை உருவினோம். ஆம்ப்பின் உள்ளீட்டில் ஷார்ட்டிங் பிளக் செருகினோம். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஒரு ஆர்சிஏ பிளக்கில் நடு முள்ளையும் வெளி வளையத்தையும் ஈயத்தால் பற்றவைத்தது, அவ்வளவுதான். இதை ஆம்ப்பின் உள்ளீட்டில் மட்டும்தான் செருக வேண்டும், ஸ்டீரியோவின் வெளியீட்டில் அல்ல. இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் அமைதி. ஆக, ஆம்ப்பின் பாசிட்டிவ் வயர் வழியாக வருவதும் இல்லை, ஸ்பீக்கர் வயரில் ஏறுவதும் இல்லை. முதலில் விற்ற ஃபில்டர் ஏன் வேலை செய்யவில்லை என்பது இங்கேயே தெரிந்துவிட்டது. அது பவர் வயரை வடிகட்டும். சத்தம் அந்த வழியில் வரவே இல்லை.

மீதி, ஸ்டீரியோவும் கேபிளும். சார்ஜரில் மாட்டாத ஒரு போனை ஆம்ப்போடு நேராக இணைத்துப் பாட்டுப் போட்டோம். சுத்தமான ஒலி, சீழ்க்கை இல்லை. பிறகு செய்ததுதான் எனக்குப் பிடித்த சோதனை. போன் அப்படியே இருக்க, ஒரு நீள வயரை எடுத்து ஒரு முனையை ஆர்சிஏயின் வெளி வளையத்திலும், மறு முனையை ஸ்டீரியோவின் உலோக உடம்பிலும் தொட்டோம். "ஊய்ங்!" எடுத்தால் நின்றது. தொட்டால் வந்தது. ஸ்டீரியோவிலிருந்து ஒரு துளி சிக்னல்கூட எடுக்கவில்லை. இரண்டு எர்த்துகளைச் சேர்த்தோம், அவ்வளவே. மைத்துனன் நாலைந்து தடவை தானே தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

பிறகு அந்த இரண்டு பூஜ்யங்களுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று அளப்பது மட்டும் பாக்கி. பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.42 வோல்ட். கிளாம்ப் மீட்டரில் ஆம்ப் இழுத்தது 12 ஆம்பியர். வகுத்தால் 35 மில்லி ஓம். இதில் பெரும்பகுதி நேர்த்திசை, அது காதுக்குக் கேட்காது. அதன் மேல் நடுங்கும் சில மில்லிவோல்ட்தான் சீழ்க்கை.

எர்த் வயரைப் பின்தொடர்ந்து போனால் அது பின் சீட் பெல்ட்டின் போல்ட்டில் மாட்டியிருந்தது. அடியில் பெயின்ட் அப்படியே. இதைத் தமிழ்நாட்டில் பல வண்டிகளில் பார்க்கலாம், கைக்கு எளிதாக எட்டும் போல்ட் என்பதால். தயவுசெய்து செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். அந்த போல்ட் விபத்தில் ஒரு மனிதனைப் பிடித்து நிறுத்துவதற்காக, கணக்காக முறுக்கியது. நடுவில் ஒரு செம்பு லக்கைச் சொருகினால் அந்த இறுக்கம் நிலைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பெல்ட் போல்ட்டை லக் இல்லாமல் மறுபடி முறைப்படி முறுக்கச் செய்தோம். டிக்கியில் வேறு இடம் தேர்ந்தெடுத்து, உப்புத்தாளால் பளபளவென்று தகரம் தெரியும்வரை தேய்த்து, ரிங் லக், பல் வாஷர், போல்ட் போட்டு இறுக்கி, மேலே துரு பிடிக்காமல் பெயின்ட் அடித்தோம். புதிதாகத் துளை போடுபவர்கள் கீழே எட்டிப் பாருங்கள், பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் அந்தப் பக்கம்தான் இருக்கும். எர்த் வயர் பாசிட்டிவ் வயரின் அதே தடிமன், நீளம் அரை மீட்டருக்குள். மறுபடி அளந்தால் 0.06 வோல்ட், அதாவது 5 மில்லி ஓம். சீழ்க்கை பெரும்பாலும் போய்விட்டது. காதை ஸ்பீக்கரில் வைத்தால் கொஞ்சம் மிச்சம்.

அந்த மிச்சத்துக்குக் காரணம் கெய்ன். ஆம்ப்பில் உள்ள அந்தத் திருகு கடைசி வரை திருப்பியிருந்தது. பலர் அதை இன்னொரு வால்யூம் என்றே நினைக்கிறார்கள். அது ஸ்டீரியோ தரும் வோல்ட்டேஜுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு. ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, பாட்டு கரகரக்காமல் முழுச் சத்தம் வரும் இடம்வரை மட்டுமே கெய்னை ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் கூடுவது இரைச்சல்தான். அதை இறக்கியதும் மிச்சமும் அடங்கியது.

சத்தத்தைவிட முக்கியமான ஒன்று இந்தத் தேடலில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஆம்ப்புக்குப் போகும் பாசிட்டிவ் வயரில் 60 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. ஆனால் டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில். பேட்டரியிலிருந்து டிக்கி வரை நான்கு மீட்டருக்கு மேல் வயர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஓடுகிறது. போதாததற்கு, இன்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் வரும் தகரத் துளையில் ரப்பர் கிராமெட்டும் இல்லை. தகரத்தின் விளிம்பு வயரின் மேலுறையில் ஏற்கனவே ஒரு கோடு போட்டிருந்தது. அது செம்பைத் தொட்டிருந்தால் பேட்டரி பல நூறு ஆம்பியரை அந்த வயரில் கொட்டும், டிக்கியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. கால் வைக்கும் கார்ப்பெட்டுக்கு அடியில் அந்த வயர் பழுத்திருக்கும். இந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு. ஆகவே அது பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மைத்துனனின் இரண்டு பிள்ளைகளும் பின் சீட்டில்தான் உட்காருவார்கள். அன்றைக்கே ஃபியூஸை இடம் மாற்றி, வயரின் அந்தப் பகுதியையும் வெட்டி, கிராமெட் போட்ட பிறகுதான் சாப்பிடப் போனோம். உங்கள் வண்டியில் ஆம்ப் இருந்தால், சத்தம் வருகிறதோ இல்லையோ, பானெட்டைத் திறந்து இதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

எல்லா இரைச்சலும் கிரவுண்ட் லூப் அல்ல. ஆக்ஸ் கேபிளில் பாட்டுக் கேட்டுக்கொண்டே லைட்டர் சாக்கெட்டில் போனை சார்ஜ் செய்யும்போது மட்டும் கீச்சென்று வந்தால், லூப் உங்கள் போன் வழியாக ஓடுகிறது. சார்ஜரை உருவினால் நிற்கும், புளூடூத்துக்கு மாறினாலும் நிற்கும். "டட்-டட்-டட்" என்று வந்து அடுத்த நொடி போன் அடித்தால் அது 2ஜி. அதன் துடிப்பு விநாடிக்கு சுமார் 217 தடவை, காது கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. போனைத் தள்ளி வைத்தால் போதும். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் வேகத்தோடு கூடும் "டிக் டிக்" என்றால் பிளக், காயில் பக்கம் பார்க்க வேண்டும். டீசலில் ஸ்பார்க் பிளக்கே இல்லாததால் அந்தச் சந்தேகமே வேண்டாம். இன்ஜின் ஓடாதபோதும் "ஸ்ஸ்ஸ்" என்றால் பெரும்பாலும் கெய்ன்.

ஆர்சிஏயைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டியதால்தான் சத்தம் என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். நடக்கக்கூடியதுதான், ஆனால் சொல்லப்படும் அளவுக்கு அடிக்கடி நான் பார்த்ததில்லை. கார்ப்பெட்டைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ளலாம்: வேறொரு ஆர்சிஏ கேபிளை சீட்டுகளின் மேலாகப் போட்டு இணைத்துப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் கேபிள் போகும் வழி காரணமில்லை.

இன்னொன்று, ஓடும் சிஸ்டத்தில் ஆர்சிஏவை உருவவோ செருகவோ கூடாது. ஆம்ப்பின் எர்த் தளர்வாக இருந்தால் மொத்த மின்னோட்டமும் ஆர்சிஏயின் வலை வழியாக ஸ்டீரியோவுக்குத் திரும்பப் பார்க்கும். சில ஸ்டீரியோக்களில் அந்த வழியில் அரிசிமணி அளவில் ஒரு ஃபியூஸ் இருக்கும், அது எரிந்துவிடும். பிறகு என்ன செய்தாலும் சீழ்க்கை நிற்காது. கண்டுபிடிப்பது எளிது: எல்லாம் இணைப்பில் இருக்கும்போது ஆர்சிஏயின் வெளி வளையத்தை ஒரு வயரால் ஸ்டீரியோவின் உடம்போடு சேருங்கள். சத்தம் வருவதற்குப் பதிலாக நின்றால், அந்த ஃபியூஸ்தான்.

கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு குட்டி டப்பா விற்கிறார்கள். உள்ளே ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்ஃபார்மர். எர்த் இணைப்பை அறுத்துவிட்டுப் பாட்டை மட்டும் காந்தப் புலம் வழியாகக் கடத்தும். வேலை செய்யும்தான். ஆனால் மலிவானவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் சிறியது, அடிமட்ட பேஸை விழுங்கிவிடும். சப்வூஃபருக்குக் காசு கொடுத்தவர் அதை அங்கே போட்டால் வருத்தப்படுவார். போனின் ஆக்ஸ் கேபிளுக்கு மட்டும் என்றால் போடலாம். மைத்துனன் ஏற்கனவே ஒன்று வாங்கி வைத்திருந்தான், அது இப்போது என் மேஜை டிராயரில் கிடக்கிறது.

அவன் வண்டியில் எஃப்எம் போட்டால் மட்டும் ஒரு கரகரப்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டேஷ்கேமை அணைத்தால் நின்றுவிடுகிறது, ஆக அது வயர் வழியாக அல்ல, காற்று வழியாக ஆன்டெனாவுக்கு வருகிறது. டேஷ்கேமின் வயரில் ஒரு ஃபெரைட் கிளிப்பை மாட்டியதில் பாதி குறைந்தது. சார்ஜரை மாற்றிப் பார்க்கலாம் என்றேன். "விடுங்க மாமா, எஃப்எம் யாரு கேக்கறா" என்றான்.